ஆளுக்குப் பாதி

கட்டில் விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. மடிக்கலாம், வீட்டில் மடிப்பதுபோலக் கோணல்மாணலாக. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அப்படி மடித்து வைத்தால் மேஸ்திரி பிரித்து முகத்திலேயே வீசுவார். அதனால் ஒரு முனையில், கை நீளமென்று எல்லாரும் நீளக்கை என்றே கூப்பிடுகிறவளும் மறுமுனையில் அவள் அண்ணியும் நின்று, உதறி, இழுத்துப் பிடித்து, ஒருத்தியை ஒருத்தி நோக்கி நடந்து வந்து, மூலையோடு மூலை சேர்த்துப் பாதியாக்கி, மறுபடியும் பாதியாக்கினார்கள். வருஷக்கணக்காகச் செய்கிற வேலை. வாய் ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்கும், கை தன்பாட்டுக்கு மடித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு மட்டும் வாய் அடைத்துக் கிடந்தது. கையும் தடுமாறியது.

"என்னடி இந்த இழு இழுக்கற? கிழிச்சுடுவ போல."

"நீங்கதான் தொய்ய விடறீங்க அண்ணி."

நகரசபைத் தேர்தல் ஓட்டைப் பள்ளிக்கூடத்தில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நீளக்கையின் அண்ணன்தான் அங்கே பாய்லர்காரன். சட்டைப்பையில் செல்போனைப் பேசவிட்டுக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒருதரம் இஸ்திரி அறைக்குள் தலையை நீட்டினான். "டீச்சர் முன்னாடி!" என்றான். அடுத்த முறை வந்தபோது, "இப்ப பஸ்காரர்!" என்றான். அதற்கடுத்த முறை தலையை நீட்டினவன் ஒன்றும் சொல்லாமல் போனான். இஸ்திரி மேஜைகளில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி நகரசபைக்குச் சொந்தம். அந்த வட்டத்தில் ஜெயிக்கிறவர் கையில்தான் ஆஸ்பத்திரிக் கமிட்டியும் வரும். மூன்று பேர் நின்றார்கள். அதில் காண்ட்ராக்டர் ஒளிவுமறைவே இல்லாத மனுஷர். சலவைக்கூடம் நஷ்டம், இழுத்து மூடிவிட்டு, துணியை ஊருக்கு வெளியே தன் மச்சான் வைத்திருக்கிற மெஷின் சலவைக்கு அனுப்பிவிடலாம் என்று மேடையிலேயே சொன்னார். நீளக்கை, அண்ணன், அண்ணி என்று மூன்று பேரும் அந்தக் கூடத்தை நம்பித்தான் அடுப்பைப் பற்றவைக்கிறவர்கள். கூடம் போனால் மூன்று சம்பளமும் ஒரே நாளில் போகும்.

மற்ற இருவரும் மூட விடமாட்டோம் என்று நேரில் வந்து சத்தியம் செய்தார்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், ஈரப்பக்கம் என்கிற துவைக்கிற இடத்தில் பேன்ட் முழங்கால்வரை நனைய நின்று பேசினார். டீச்சர், என் இரண்டு பிரசவத்துக்கும் நீங்கள் வெளுத்த விரிப்பில்தான் படுத்தேன் என்று கண் கலங்கினாள். இரண்டு பேருமே நல்லவர்கள். யாருக்குப் போடுவது, யாரை விடுவது?

அப்போது வழி சொன்னவள் நீளக்கைதான். அந்தக் கூடத்தில் எது கனத்தாலும் ஆளுக்குப் பாதி. வார்டிலிருந்து பெரிய மூட்டை வந்தால் ஆளுக்குப் பாதி. ஒருத்தி லீவு போட்டால் அவள் வேலை ஆளுக்குப் பாதி. ஒற்றை வாழைப்பழம் வந்தாலும் அதே கதைதான்.

"ஈரப்பக்கம் பஸ்காரருக்குப் போடட்டும், இஸ்திரிப்பக்கம் டீச்சருக்குப் போடுவோம். யார் ஜெயிச்சாலும் நம்ம ஆளு. யார் மனசும் நோகாது."

எல்லாரும் கை தட்டினார்கள். துணிக்குக் கஞ்சி போடுகிறதால் கஞ்சி என்றே பேர் வாங்கிய ஈரப்பக்கத்து மூத்த ஆள், "கை மட்டும் நீளமில்ல, மூளையும் நீளம்தான் இவளுக்கு!" என்றார். கூடத்துக்குப் பின்னாலிருந்த தொழிலாளர் குடியிருப்பும் அதையே பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டில் புருஷன் பஸ்காரருக்கு என்றால் பெண்டாட்டி டீச்சருக்கு.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்தில் அண்ணன் வந்தான். இந்தத் தடவை முழுசாக உள்ளே வந்தான்.

"காண்ட்ராக்டர் ஜெயிச்சுட்டான்."

"எவ்வளவுல?" என்றாள் அண்ணி.

"மயிரிழை. டீச்சர் ரெண்டாவது. பஸ்காரர் அவங்களுக்குக் கொஞ்சம்தான் கீழ." அவன் செல்போனை அணைத்தான். "நம்ம ஈரப்பக்கம் மட்டும் டீச்சருக்குப் போட்டிருந்தாக்கூடப் போதும். அவன் மண்ணைக் கவ்வியிருப்பான்."

நீளக்கையின் கையிலிருந்த விரிப்பு பாரமாகிவிட்டது.

ஈரப்பக்கத்துக்காரர்கள் ரப்பர் பூட்ஸோடு வாசலில் வந்து நின்றார்கள். ஈரக்காலோடு இஸ்திரி அறைக்குள் வரக் கூடாது என்பது சட்டம். அன்றைக்குக் கஞ்சி அதைப் பார்க்கவில்லை, நேரே உள்ளே வந்துவிட்டார்.

"யாரோட யோசனை இது? சொல்லுங்கடா, யாரோட யோசனை?"

"நீங்களும் கை தட்டினீங்களே அண்ணே," என்றாள் நீளக்கை.

"தட்டினேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். நீங்க எல்லாம் பஸ்காரருக்குப் போட்டிருந்தா?"

"ஏன், நீங்க டீச்சருக்குப் போட்டிருக்கக் கூடாதா?" என்று மேஜையோரத்திலிருந்து ஒருத்தி எகிறினாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. வருஷக்கணக்காக ஒரே தண்ணீரில் கை நனைத்தவர்கள் நீ பெரியவனா நான் பெரியவளா என்று கிழித்துக்கொண்டார்கள். தேய்ப்பவள் மறந்துவிட்ட ஒரு தலையணை உறையில் இஸ்திரிப்பெட்டி அப்படியே கிடந்து கருகியது.

நீளக்கைக்கு மனசு ஆறவில்லை. அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட்டு எண்ணின இடத்துக்குப் போனாள். பள்ளிக்கூடம் அது. வாசலில் காண்ட்ராக்டரின் ஆட்கள் பட்டாசு கொளுத்திக்கொண்டிருந்தார்கள். முற்றத்து மரத்தின் இந்தப் பக்கம் டீச்சர், அந்தப் பக்கம் பஸ்காரர்.

"நீங்க விலகியிருக்கணும் சார்," என்றாள் டீச்சர்.

"நான் எதுக்கும்மா விலகணும்? உங்களுக்கு முன்னாடியே மனு கொடுத்தவன் நான்."

இரண்டு பேரும் நீளக்கையைக் கண்டதும் தலையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

உள்ளே மேஜையில் இருந்த ஆபீசர் களைத்துப் போயிருந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"சார், ரெண்டு பேருக்கும் விழுந்ததைச் சேர்த்தா அவரைவிட எவ்வளவோ கூட வருதே?"

"சேர்க்க முடியாதும்மா. தனித்தனியாத்தான் பார்க்கணும். யாருக்கு அதிகமோ அவங்க."

"ஆனா மூணுல ரெண்டு பேரு அவர் வேணாம்னுதானே சார் போட்டோம்?"

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேணாம்னு போட அதுல இடமில்லம்மா. வேணும்னு ஒருத்தரைத்தான் சொல்ல முடியும்."

"அப்ப எங்க ஓட்டு எங்க சார் போச்சு?"

"எண்ணியாச்சும்மா. ஒண்ணுகூட விடல. எல்லாத்தையும் எண்ணியாச்சு."

திரும்பி வருகிற வழியெல்லாம் அண்ணி முன்னால் நடந்தாள். குடியிருப்பு முனை வந்ததும் நின்றாள்.

"நான் அன்னிக்கே நினைச்சேன், ஒரே ஆளுக்குப் போட்டாத்தான் சரின்னு."

"நினைச்சீங்க சரி. வாயைத் திறந்து சொன்னீங்களா?"

"நீதான் பெரிய புத்திசாலியாச்சே! எல்லாரும் உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடும்போது நான் என்னத்தைச் சொல்ல? என் பிள்ளைங்க வாயில மண்ணைப் போட்டுட்ட." அண்ணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். அன்றோடு பேச்சு நின்றது.

கமிட்டி மாறிய கையோடு மூடுகிற உத்தரவும் வந்தது. மாதக் கடைசிவரை வேலை, அப்புறம் இல்லை. அந்தக் கடைசி வாரத்தில் ஈரப்பக்கத்துக்கும் இஸ்திரிப்பக்கத்துக்கும் நடுவே யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரத்துணியை வாசலில் தொப்பென்று போட்டுவிட்டுப் போனார்கள். குடியிருப்பில் குழந்தைகள்கூடப் பிரிந்து விளையாடின. அண்ணியும் நீளக்கையும் மட்டும் எதிரும் புதிருமாக நின்றே ஆக வேண்டியிருந்தது, விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாதே. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நடந்து வருவார்கள். விரல் படாமல் மூலையை மட்டும் கைமாற்றிக்கொள்வார்கள்.

கடைசி நாளன்று வந்த வேலை ஒரு மேஜைத்துணி. காண்ட்ராக்டருக்கு ஆஸ்பத்திரி மண்டபத்தில் பாராட்டு விழா, மேடை மேஜைக்கு விரிக்கிறது. தூய வெள்ளை, அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நீளம். கஞ்சி வஞ்சகமில்லாமல் கஞ்சி போட்டிருந்தார். நாலு பேர் பிடிக்கிற துணி அது. யாரும் வரவில்லை. நாத்தியும் அண்ணியும்தான் பிடித்தார்கள்.

"இழு," என்றாள் அண்ணி. அந்த வாரம் அவள் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை.

அப்போது துணியை வாங்கிப்போக வேன் வந்தது. மச்சானின் மெஷின் சலவை வேன். டிரைவர் சின்ன வயசு, சிரித்த முகம். இஸ்திரி அறைக்குள் வந்து, அடுக்கியிருந்த விரிப்புகளைத் தடவிப் பார்த்தான்.

"அடேங்கப்பா, என்ன மடிப்பு! எங்க மெஷின்ல சாமானியமா இப்படி வராது." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான். "முதலாளி ஒரு சேதி சொல்லிவிட்டாரு. இங்கிருந்து ஒரு ஆளை எடுத்துக்கறாராம். ஒரே ஒரு ஆள்."

மேஜைகளில் இஸ்திரிப்பெட்டிகள் நின்றன. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஈரப்பக்கம் மொத்தமும் வந்து நின்றது.

"யாரு?" என்றார் கஞ்சி.

"அதை அவர் சொல்லல. நான் ஒருத்தரைச் சொன்னா மத்தவங்களுக்கு மனவருத்தம் பாருங்கன்னாரு. நியாயமா நீங்களே கையைத் தூக்கி ஓட்டுப் போட்டு ஒருத்தரைச் சொல்லிடணுமாம்."

பாய்லர் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பிறகு கஞ்சியின் கை மேலே போனது. முழங்கைவரை தண்ணீர் சொட்டியது. அவரைப் பார்த்து இன்னொரு கை. இஸ்திரிப்பக்கத்தில் ஒன்று, மூன்று, அப்புறம் கடகடவென்று எல்லாம். கதவோரத்தில் நீளக்கையின் அண்ணனும் தூக்கியிருந்தான், கரிபிடித்த கையை. ஒவ்வொருத்தர் விரலிலும் ஓட்டு மை இன்னும் இருந்தது. பிளீச்சிங் பவுடரில் ஊறியும் போகாத மை.

டிரைவர் சுற்றிப் பார்த்துச் சிரித்தான். "என்னங்க இது, ஆளாளுக்குத் தனக்கே தூக்கினா எப்படி? யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லுங்க."

எதிர்முனையில் அண்ணி நீளக்கையைப் பார்த்தாள். அந்த வாரத்தில் முதல்முறையாக நேராகப் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. பிறகு தன் முனையை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினாள்.

வெள்ளைத்துணி ஈரக்கால்கள் மிதித்த தரையில் போய் விழுந்தது. நீளக்கை தன் முனையை விடவில்லை. அவளுடைய இரண்டு கையிலும் துணி இருந்தது.