எண்பது சொல்

…எண்பது சொல், அதற்கு மேல் வேண்டாம், ஒன்பது மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று சில்யெ எழுதியிருக்கிறாள், எண்பது என்பது கூடவா குறைவா, மதுரனுக்குத் தெரியவில்லை, ஹொல்ம்லியாவில் ஒஸ்லோ ரயில் ஏறியதிலிருந்து கைப்பேசியின் வெள்ளைத் திரையைப் பார்த்தபடி இருக்கிறான். சில்யெ அரசு அவனுக்கு அமர்த்திக் கொடுத்த வழக்கறிஞர். கொல்லப்பட்டவர்களின் வீட்டாருக்கென்று ஒருவர், கொன்றவனுக்கென்று ஒருவர், இருவரும் அரசு செலவில், இது என்ன நாடு என்று முதல் நாள் நினைத்தான், பிறகு நினைப்பதை விட்டுவிட்டான். போன ஒக்டோபரில் ட்ராம் தரிப்பிடத்தில் ஆறு பேர். அதில் ஒருத்தி தனுஷா, அவன் மனைவி, இருபத்தொன்பது வயது. பயங்கரவாதக் குற்றச்சாட்டு, ஆனால் விசாரணை சாதாரண நீதிமன்றத்தில், அதே மேசையில் இந்த வழக்குக்கு முந்தின மாதம் சைக்கிள் திருடன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். இன்று பிற்பகல் அந்த ஆறு பேரின் முறை. எந்தக் குண்டு எங்கே நுழைந்தது என்று மருத்துவர் சொல்வார், பிறகு திரையில் படம் வரும், வீட்டார் எழுதிக் கொடுத்ததை வழக்கறிஞர் வாசிப்பார், ஆளுக்கு எண்பது சொல், பிறகு அடுத்தவர். பத்தடி தள்ளி, தண்ணீர்க் குவளையோடு, கொன்றவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

எதிரே மாமா. தனுஷாவின் அப்பா, ஜெயரத்தினம், பத்து வாரமாக நீதிமன்றத்துக்கு ஒரு நாளும் தவறாமல் கூட வருகிறார், மாமி வருவதில்லை. உண்மையில் அந்த எண்பது சொல்லைப் போன வாரமே மாமா தமிழில் எழுதித் தந்துவிட்டார், மதுரன்தான் நோர்வேஜிய மொழிக்கு மாற்றினான், ஒரு சொல் விடாமல். ஒஸ்லோவைப் பிறப்பிடமாகவும் ஹொல்ம்லியாவை வதிவிடமாகவும் கொண்ட தனுஷா மதுரன் அவர்கள், ஜெயரத்தினம் தங்கேஸ்வரி தம்பதியரின் அன்பு மகளும், மதுரனின் பாசமிகு மனைவியும், இன்னாரின் மருமகளும், இன்னாரின் பெறாமகளும்… மரண அறிவித்தல் அப்படித்தானே எழுதப்படும், வேறு எப்படி எழுதுவது, மொழிபெயர்க்கும்போது அவனுக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. சில்யெ நேற்று மாலை பதில் போட்டாள். அழகாக இருக்கிறது, ஆனால் இந்தப் பதினேழு பேரும் யார், இதில் தனுஷாவை நான் காணவில்லையே. இதை இன்னும் மாமாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, உங்கள் மகள் இதில் இல்லையாம் என்றா?

லியானில் ரயில் நின்றது. கொன்றவனைப் பற்றி மனநல மருத்துவர்கள் எழுதிய அறிக்கை முந்நூறு பக்கம், மூன்று நாள் வாசித்தார்கள், விளக்கு எரியாமல் அவன் தூங்கமாட்டான், ஆறு வயதில் அவனுடைய முயல் செத்துப்போனது, அதன் பெயர்கூட மதுரனுக்கு மனப்பாடம். அவனுக்கு முந்நூறு பக்கம், இவளுக்கு எண்பது சொல். முதல் நாள் அரசுத் தரப்பு வழக்கறிஞர் நடந்துபோய் அவனுக்குக் கை கொடுத்தார், இங்கே அது வழக்கமாம், மதுரன் திரும்பிப் பார்த்தால் மாமா அந்தக் கையையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை தமிழ்க்கடையில் அல்பிரட் தராசில் கத்தரிக்காயை வைத்தபடியே தொடங்கினார், “உவனுக்கு ஏன் கோட்டும் வழக்கும்? எங்கட நாட்டிலையெண்டா அண்டைக்கே சுட்டிருப்பாங்கள். இவங்கள் சொக்லேட்டும் குடுத்துத் தலையையும் தடவுவாங்கள்.” மாமா பையை விரித்துப் பிடித்துக்கொண்டு சொன்னார், “எங்கட நாட்டிலை என்னைத்தான் உப்பிடிச் சொன்னவங்கள், அல்பிரட். பயங்கரவாதி எண்டு.” அல்பிரட் கத்தரிக்காயில் இரண்டைக் கூடப் போட்டார். நாலு வருடம் மாமா அங்கே சிறைக்குள் இருந்தார், வாசிக்கத் தெரியாத மொழியில் தட்டிய தாளில் கையெழுத்து வாங்கினார்கள், நீதவானின் முகத்தையே காணாமல் ஒரு நாள் போகச் சொன்னார்கள். அல்பிரட் சொன்னது சரி என்று மதுரனுக்கு அன்று தோன்றியது, மாமா சொன்னதும் சரி என்று தோன்றியது, இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குள்…

“என்ன தம்பி, என்ர எழுத்தை இண்டைக்குத்தானே வாசிப்பினம்?”

“இல்லை மாமா. மாத்தி எழுதட்டாம். பேருகள்தான் இருக்காம், அவள் இல்லையாம்.”

மாமா வெளியே பார்த்தார், கடல் சாம்பல் நிறத்தில் கூடவே ஓடிவந்தது. “பேருகள் வேண்டாமாமோ,” என்றார், அவனிடம் அல்ல. பிறகு, “நான் உள்ளுக்கு இருக்கேக்கை உம்மட மாமி ஜெயில் கேற்றடியிலை போய்க் கேட்டவ. அப்பிடி ஒருத்தன் இஞ்சை இல்லையெண்டு சொன்னவங்கள். ஒரு பதிவிலையும் என்ர பேர் இல்லை. கோட்டிலை வாசிச்சா பதிவிலை கிடக்குமெல்லே, அதுதான் எல்லாரையும் போட்டனான்.” அவன் கைப்பேசியைக் காட்டி, “நீர் படிச்சனீர்தானே. எழுதும்.”

எழுதினான். தனுஷா மருந்தகத்தில் வேலை செய்தாள். வயதானவர்களின் மாத்திரைப் பெட்டியில் பெரிய எழுத்தில் கிழமை எழுதிக் கொடுப்பாள். ரயிலில் பின்பக்கம் பார்த்து உட்காரமாட்டாள், தலை சுற்றும். ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்கவிடமாட்டாள். ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்ததும் கொன்றவனின் முகம் வந்து நின்றது, இதற்கு நிமிர்வானா, இதற்குக் குவளையைத் தொடுவானா, நிமிராத வரியை அழித்தான், நிமிரக்கூடிய வரியை விட்டுவைத்தான், நாலைந்து வரி போன பிறகுதான் விரல் நின்றது. யாருக்கு எழுதுகிறேன்? நீதவானுக்கு இல்லை, மாமாவுக்கு இல்லை. அவளை நான் கடைசியாகக் கண்டது அன்று காலை ஏழு பத்துக்கு, கதவடியில், பாதி முதுகுதான். ஏழு நாற்பத்தாறுக்கு, சுடும்போது, அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தவன் அவன் ஒருவன்தான். அன்றைக்கே சுட்டிருந்தால் அந்த முகமும் அவனோடு போயிருக்கும். அவள் என்னைக் கூப்பிட்டாளா, யாரும் அதை அவனிடம் கேட்கவில்லை, கேட்கக்கூடிய கேள்வியும் இல்லை அது…

“காட்டும் பாப்பம்,” மாமா கைப்பேசியை வாங்கித் தூரப் பிடித்து, நோர்வேஜிய வரிகளை உதடசைத்து வாசித்தார். “ரயில்லை தலை சுத்துறதையோ நீதவானுக்குச் சொல்லுறீர்?”

“அதைத்தான் கேக்கினம் மாமா.”

“அப்ப இதையும் போடும். சின்னனிலை திராமனுக்குப் போகேக்கை பஸ்ஸிலை என்ர மடியிலை சத்தி எடுத்தவள். புதுக் காற்சட்டை.” அவர் தோள் குலுங்கியது, சிரிப்பா என்று பார்க்க மதுரன் தலை நிமிர்த்தவில்லை, அந்த வரியைச் சேர்த்தான், எண்ணினான், எழுபத்தாறு, போதும், அனுப்பிவிட்டான்.

ஒஸ்லோ நிலையத்தில் இறங்கி மேலே வந்தார்கள். வழக்கு எப்போது முடியும் என்று மாமா கேட்டார், வருகிற வெள்ளி என்றான், பிறகு என்ன செய்யப்போகிறீர் என்று கேட்டார், வேலைக்குத் திரும்பலாம், வீட்டில் இருக்கலாம், பேர்கனில் அக்கா கூப்பிடுகிறாள், எந்தச் சொல்லுக்கும் எடை இல்லை. பச்சை விளக்கு விழுந்தது. “தம்பி, மெல்ல நடவும், கோட் எங்கையும் ஓடாது,” மாமாவின் குரல் வெகு பின்னால் கேட்டது, அப்போதுதான் தன் கால்களைப் பார்த்தான், ஓட்டமும் நடையுமாக, யாரோ தனக்காகக் காத்திருப்பதைப் போல… பத்து வாரமாக, தினமும் காலையில், சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, இதே வேகத்திலா வந்துகொண்டிருக்கிறேன், யாரிடம்? வெள்ளிக்குப் பிறகு அந்த நீதிமன்ற அறையைப் பூட்டிவிடுவார்கள். கொன்றவனை எங்கே கொண்டுபோவார்கள், எத்தனை வருடம், அது முன்பே தெரிந்ததுதான். அவள் முகத்தைக் கடைசியாகப் பார்த்தவனிடம் தன்னை உள்ளே விடமாட்டார்கள் என்பதுதான் இப்போது உறைத்தது, உறைத்த இடத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தான், இருந்தது வேறு ஏதோ, அதற்கு அவன் பெயர் வைக்கவில்லை, மாமா வந்து சேரும்வரை நடைபாதை ஓரத்தில் நின்றான்.