ஹின்ஜுக்கு விட்ட இரண்டு சொட்டு எண்ணெய்

1

இது கதையாக ஆரம்பிக்கவில்லை. முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், நோட்டீஸாகத்தான் ஆரம்பித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நாகஜோதி, என் லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "ஹயக்ரீவன் சார், நீங்கதான் கதையெல்லாம் எழுதுதீங்கள்ல. கடைச் சுவத்துல ஒட்டுததுக்கு ஒரு நோட்டீஸ் எழுதித் தாங்க. வாரவங்க எல்லார்ட்டயும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கி" என்றாள். திரையையும் கீழ்ப்பாகத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஹின்ஜ் தளராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் விஷயம். அரைப் பக்கம் போதுமாம்.

அரைப் பக்கம்தானே என்று மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன். பத்து நாளாகிறது. இதுவரை எழுதியது:

ஒன்று: ஒரு மூலையைப் பிடித்துத் திரையைத் திறக்காதீர்கள். நடுவில் பிடித்து மெதுவாகத் திறக்கவும்.
இரண்டு: திரையைப் பிடித்து லேப்டாப்பைத் தூக்காதீர்கள்.
மூன்று: திறக்கும்போது சத்தம் வந்தால், பிளாஸ்டிக் விரிசல் விடும்வரை காத்திருக்காமல் கடைக்குக் கொண்டுவாருங்கள்.
நான்கு:

நான்காவதற்கு எதிரே ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லப் போய்த்தான் இது கதையானது.

2

[அடித்தது: சஞ்சீவி மலைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை...]

லேப்டாப் கதையில் மலைக்கு என்ன வேலை? நேராகவே சொல்கிறேன். சோலைச்சாமி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையத்தில் வீடு. மனைவி தவறிவிட்டார். ஒரே மகள், வெங்கடேஸ்வரி.

ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்கு எண்ணெய் போடுகிற நேரம். இருபத்து நான்கு வருஷம் துப்பாக்கியைத் துடைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? கதவு, கேட், பூட்டு, கத்தரிக்கோல், தையல் மிஷின் என்று வரிசையாக விட்டுத் துடைத்துக்கொண்டு போவார். அவர் வீட்டில் எந்தப் பொருளும் முனகக் கூடாது.

இதை யாரும் பார்க்கவில்லை, என் ஊகம்தான்: அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் லேப்டாப் கிரீச்சென்றது அவர் காதில் விழுந்தது. அவள் குளிக்கப் போனதும், இந்தப் பக்கம் ஒரு சொட்டு, அந்தப் பக்கம் ஒரு சொட்டு. பழைய பனியனால் துடைத்துவிட்டு இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார். சத்தமே இல்லை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் மகளிடம் சொல்லவில்லை. செய்ததைச் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை அவர்.

(நாகஜோதி எனக்கு விளக்கியது: கதவு லேசாகத் திரும்ப வேண்டும், திரையோ நிறுத்தின இடத்தில் நிற்க வேண்டும். அதை நிறுத்துவதே ஹின்ஜின் இறுக்கம்தான். எண்ணெய் இறங்கினால் இறுக்கம் போயிற்று. இது தெரியாமல் போனது ஒரு குற்றமா? தேங்காய் எண்ணெய் விடலாமா என்று போன வாரம்வரை யோசித்துக்கொண்டிருந்த நான் என்ன தீர்ப்புச் சொல்ல முடியும்?)

3

இரண்டு வாரம் கழித்து வெங்கடேஸ்வரிக்குப் பரீட்சை. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் மேற்பார்வை பார்க்கிறாள். கோயம்புத்தூரில் ஒரு நல்ல வேலைக்காக எட்டு மாதம் விடியற்காலையில் எழுந்து படித்தாள். பரீட்சையை வீட்டிலிருந்தே, கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். அறைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது, பேசக் கூடாது. முகம் கேமராவை விட்டுப் போனால் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையில் பரீட்சை தானாகவே மூடிக்கொள்ளும்.

அரை மணி நேரத்தில் திரை மெல்லப் பின்னால் சாய்ந்தது. கேமரா விட்டத்தைப் பார்த்தது. முதல் எச்சரிக்கை. நிமிர்த்தி வைத்தாள். மறுபடியும் சாய்ந்தது. இரண்டு.

மேசை ஜன்னலை ஒட்டி இருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்த சோலைச்சாமி அவள் முகத்தைப் பார்த்தார். ஓடிவந்து, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, திரையின் முதுகைத் தாங்கிப் பிடித்தார். உள்ளே ஆள் இல்லை, பேச்சு இல்லை, கை கேமராவுக்குத் தெரியவும் இல்லை. அவள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

(ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தால் ஆகாதா என்கிறீர்கள். நானும் கேட்டேன். செங்கல் எடுக்கப் போனால் அவர் கையை விட வேண்டுமே, அதற்குள் திரை சாய்ந்துவிடுமே.)

பரீட்சை முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

4

இந்த இடத்தில்தான் நான் குழம்பிப் போனேன்.

முடிவு அ: பட்டாளத்தில் அவருக்கு மேலே இருந்த சுபேதார் தெருவில் பைக்கில் வருகிறார். பழக்கதோஷத்தில் சோலைச்சாமியின் கை சல்யூட் அடிக்க... [விட்டுவிட்டேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அந்த மனிதர் கேட்டால் சிரிக்க மாட்டார்.]

முடிவு ஆ: அவள் எழுதி முடிக்கிறாள், வேலை கிடைக்கிறது, அப்பாவும் மகளும்... [இதை நாகஜோதியிடம் படித்துக் காட்டினேன். "சார், அந்தப் பிள்ளை இங்கன நின்னு அழுதத நான் பாத்தேன்" என்றாள்.]

நடந்தது இதுதான். கடைசிப் பத்து நிமிஷத்தில் அவர் கை மரத்துப்போய் நடுங்கியது. திரை நழுவியது. மூன்று. எல்லாம் மூடிக்கொண்டது. திரும்ப எழுத ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

கம்பி உராய்ந்த முழங்கைக்கு மகள் கம்பெனித் துணியை எடுத்துக் கட்டும்போது அவர் ஒன்றே ஒன்று சொன்னாராம். "பனியில ராவும் பகலும் ரைஃபிளப் பிடிச்ச கைட்டி இது. கடைசிப் பத்து நிமிசம் நிக்கல பாரு."

5

இரண்டு பேரும் நாகஜோதி கடைக்கு வந்தார்கள். அவர் பைக்கை நிழலில் நிறுத்தப் போயிருந்த நேரத்தில் நாகஜோதி ஸ்க்ரூவைக் கழற்றி, விரலை மோந்து பார்த்து, "யாரும்மா இதுல எண்ணெய் விட்டது?" என்றாள்.

வெங்கடேஸ்வரிக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் வீட்டில் எண்ணெய்க் கேன் ஒருவர் கையில்தான் இருக்கும்.

"அக்கா, அப்பாட்ட சொல்லிராதீக. ஒத்தக் கையால மூலையப் பிடிச்சுத் தொறந்து தொறந்து நாந்தான் கெடுத்துட்டேன்னு சொல்லிருங்க. ஏற்கனவே கையப் பாத்துப் பாத்து நொந்துபோயி இருக்காக."

அப்படியே சொன்னாள் நாகஜோதி. "ஏட்டி, ரெண்டு கையால தொறந்தா என்ன?" என்று மகளைக் கடிந்துகொண்டார் சோலைச்சாமி. அவள் தலை குனிந்து நின்றாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

6

இன்று சனிக்கிழமை. புது ஹின்ஜ் மாட்டியாயிற்று. வாங்கிப்போக அவரேதான் வருகிறார். நோட்டீஸை அவர் நின்று படிப்பார், போர்டு என்று ஒன்று இருந்தால் படிக்காமல் நகர மாட்டார்.

"நாலாவது, எண்ணெய் விடாதீங்கன்னு போட்டுருங்க சார்" என்றாள் நாகஜோதி. உடனே, "வேண்டாம் சார், போடாதீங்க" என்றாள். பிறகு, "என்னமும் எழுதுங்க சார், நான் ஒட்டிருதேன்" என்று பசையைக் கிண்ட ஆரம்பித்தாள்.

எழுதினால், மகளின் எட்டு மாதத்தைக் கெடுத்தது தன் கை நடுங்கியதல்ல, அதே கை விட்ட இரண்டு சொட்டு எண்ணெய் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அது அவருக்கு ஆறுதலா, இன்னொரு அடியா? எழுதாவிட்டால் நாளை ஞாயிற்றுக்கிழமை. புது ஹின்ஜ் கட்டாயம் முனகும், புதுசு அப்படித்தான். ஆறு மாதம் கழித்து அவள் மறுபடி அதே மேசையில் உட்கார வேண்டும். புதுசுக்கு எண்ணெய் வேண்டாம் என்று நைசாகச் சொல்லிப் பார்க்கலாம் என்றால், "அப்ப பழசுக்கு?" என்று கேட்கிற மனுஷர்.

[அடித்தது: தயவுசெய்து எண்ணெய்]
[அடித்தது: எங்களைக் கேட்காமல் எதையும்]

வாசலில் பைக் சத்தம். கையில் கட்டோடு இறங்குகிறார். பசை காயவில்லை, நான்காவது காலியாகவே தாள் சுவரில் இருக்கிறது, நாகஜோதி என்னைப் பார்க்கிறாள், நான் உங்களைப் பார்க்கிறேன்.

நான்கு: