பாங்காக்கில் ஒரு கல்லறை

கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் பத்து வருஷம் உழைத்த சிலுவை என்பவனுக்கு, அரிசி ஏற்றப் பாங்காக் போகிற கப்பலில் வேலை கிடைத்திருந்தது. அந்த ஊருக்கு ஆறு தடவை போய்வந்த அம்புரோஸிடம் நாலு விஷயம் கேட்டுக்கொள்ளட்டும் என்று சிலுவையின் தாய் பிளாரன்ஸ் அவரை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். அம்புரோஸ் தயங்கித் தயங்கித்தான் வந்து உட்கார்ந்தார்.

காரணம், சிலுவையின் தம்பி ரோச். மூன்று வருஷத்துக்கு முன்னால், எழுபத்து நாலில், அம்புரோஸோடு கப்பலில் போனவன் பாங்காக்கில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். அங்கே மாதா கோயில் தோட்டத்தில், வேப்பமரத்தடியில் அடக்கம் செய்ததாக அம்புரோஸ் வந்து சொன்னார். அது பொய். ரோச்சைப் புத்தர் கோயில் ஒன்றில் எரித்துவிட்டார்கள். செத்தவர்களை மண்ணில் அடக்குகிற வேதக்காரத் தாயிடம் அதைச் சொல்ல அன்றைக்கு அவருக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு போன இரண்டு தடவையும், கல்லறையில் ஏற்றச் சொல்லி அவள் கொடுத்த மெழுகுவர்த்திகளை வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது கூடப்பிறந்தவனே போகிறான். இறங்கியதும் அந்த வேப்பமரத்தைத்தான் தேடுவான்.

அம்புரோஸ் பாங்காக்கின் வழக்கங்களில் தொடங்கினார். யார் வீட்டுக்குள் போனாலும் செருப்பைக் கழற்ற வேண்டும். கைகூப்பினால் திருப்பிக் கூப்ப வேண்டும். உட்காரும்போது சாமிக்கு நேராகக் காலை நீட்டக்கூடாது. காவித்துணிச் சாமியார்கள் விடியற்காலையில் பாத்திரம் ஏந்தி வருவார்கள், அப்போது வழியை மறிக்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும். மிளகாய் நம் ஊரைவிடக் காரம். எல்லாவற்றிலும் மீனை உப்பில் ஊறவைத்து இறக்கிய தண்ணீரை ஊற்றுவார்கள். இரண்டு நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டால் மூன்றாம் நாள் அது இல்லாமல் இறங்காது. எவன் தலையையும் விளையாட்டுக்குக்கூடத் தொடக்கூடாது.

“அப்ப ஒருத்தனையும் மண்டையில தட்டிக் கூப்பிட முடியாதாண்ணே? நான் ஊமையால்லா திரியணும்” என்றான் சிலுவை. பிளாரன்ஸ்கூடச் சிரித்தாள். அவள் சிரித்தது அம்புரோஸுக்கு வேதனையாக இருந்தது.

பிறகு அவள் உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தாள். மெழுகுவர்த்திகள், ஒரு ஜெபமாலை, கல்லறையில் பதிக்க இரும்பில் அடித்துவாங்கிய சின்னச் சிலுவை. அதில் ரோச்சின் பெயரும் தேதியும் வெட்டியிருந்தது.

“கோயிலுக்குள்ள போயி எந்தப் பக்கம்னு இவன்கிட்ட வெவரமாச் சொல்லு அம்புரோசு.”

அம்புரோஸ் பையை அவள் பக்கமே நகர்த்தினார்.

“கல்லறை இல்ல மாமி. எரிச்சிட்டாவ. நான் ஒங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்.”

சிலுவை எழுந்துவிட்டான். பிளாரன்ஸ் அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அம்புரோஸ் தலையைத் தூக்காமலே சொல்லிக்கொண்டு போனார். அன்றைக்கு நல்ல மழை, தெருவெல்லாம் வெள்ளம். மறுநாள் மதியம் கப்பல் கிளம்ப வேண்டும். ஆஸ்பத்திரியில் உடலை வைத்திருக்க முடியாது என்றுவிட்டார்கள். பாதிரியார் எங்கே இருக்கிறார் என்று கேட்கவும் பாஷை இல்லை. கால்வாய் ஓரத்தில் சோறு விற்கிற ஒரு பெண், ரோச் தினமும் சாப்பிட்ட கடைக்குச் சொந்தக்காரி, கேள்விப்பட்டு ஓடிவந்தாள். அவள் ஏதேதோ கேட்டாள். உதவி செய்கிறாளே என்று அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். உடலைக் கொண்டுபோன புத்தர் கோயிலுக்குப் பின்னால் புகைபோக்கியைப் பார்த்த பிறகுதான் எதற்குத் தலையாட்டினோம் என்று தெரிந்தது. அப்போதும் வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் துணிவில்லை. சாம்பலை ஆற்றில் விட்டார்கள்.

“மூணு வருசமா கல்லறைத் திருநாளுக்கு இல்லாத குழிக்கு ஜெபம் பண்ண வச்சியே” என்றாள் பிளாரன்ஸ். அவள் குரல் உயரவில்லை. பிறகு, அவனை எரிக்கும்போது கூட யார் இருந்தார்கள் என்று கேட்டாள்.

“அந்தக் கடைக்காரியும் அவ தெருக்காரங்களும். அவன் கைய விரிச்சுவச்சி, ஒவ்வொருத்தரா வந்து பூவாசனத் தண்ணி ஊத்துனாவ. செத்தவங்ககிட்ட அப்படி மன்னிப்புக் கேக்குறது அவுக வழக்கமாம், பெறவுதான் தெரிஞ்சுகிட்டேன்.”

“அவ எம்புள்ளைக்கு என்ன தப்புப் பண்ணுனா, மன்னிப்புக் கேக்க?”

“ஒண்ணும் பண்ணல மாமி. சோறுதான் போட்டா.”

அப்போதுதான் பிளாரன்ஸ் அழுதாள். சிலுவை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தவள், அந்தக் கடைக்காரியின் பெயர் என்ன என்றாள். அம்புரோஸுக்குத் தெரியவில்லை. அத்தை, பெரியம்மா என்கிற மாதிரி ஒரு சொல்லால்தான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள்.

“பேரு தெரியாம எப்படி ஜெபத்துல சொல்ல? சிலுவ, நீ போயி மொதல்ல அவ பேரக் கேளு.”

அம்புரோஸ் மன்னிப்புக் கேட்டார். பிளாரன்ஸ் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். போய்விட்டு வா என்று சொல்லவில்லை. தெருவில் இறங்கிப் பத்தடி போயிருப்பார். உள்ளே தாயும் மகனும் ஜெபமாலை தொடங்குகிற சத்தம் கேட்டது. ரோச்சின் ஆத்துமத்துக்காக என்று ஆரம்பித்த பிளாரன்ஸ் சற்று நிறுத்தி, “அவன் கையில தண்ணி ஊத்துனவளுக்காகவும்” என்றாள். ஆண்டவருக்கு ஆள் யாரென்று தெரியாமலா போகும்? அம்புரோஸ் தெருவிலேயே நின்று, அவர்களுக்குக் கேட்காதபடி, ஜெபத்தில் மற்றவர்கள் பதிலாகச் சொல்கிற மறுபாதியைச் சொன்னார்.