செகொண்டித் துறையில் இடது கை

1
இந்தக் கதை ஒரு மன்னிப்பில் தொடங்கியது. செகொண்டி என்ற மீன்பிடி ஊருக்குக் குடிவந்த புதிதில், வலது கையில் குடை இருந்ததால் மீன் வாங்க இடது கையை நீட்டிவிட்டேன். விற்றவள் மீனைத் திரும்ப வைத்துவிட்டாள். "இடது கைக்கு மன்னிக்கணும்னு சொல்லு, தர்றேன்." சொன்னேன், தந்தாள்.

2
முதல் வரி: 'கடல் அன்று' (வேண்டாம். எல்லாக் கதையிலும் கடல் 'அன்று' ஏதாவது செய்கிறது.)

அரபா இரும்புச் சிற்பி. மீன்காரப் பெண்கள் அவளிடம் கேட்டது, படகுகளைக் கையசைத்து அழைக்கும் ஒருத்தியின் சிலை, இருபதடி. அரபாவின் தம்பி எபோ போன படகு நான்கு வருடமாகத் திரும்பவில்லை. அவனை அழைக்கத்தான் ஒப்புக்கொண்டாள்.

தாளில் நாற்பது படம், கம்பியில் ஒரு முழப் பொம்மை, பிறகு பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் முழு உருவம். எண்ணெய் டிரம் தகடுகளைத் தட்டி, கோட்டின்மேல் குப்புறப் படுக்கவைத்து, முதுகுக் குழாயோடு பற்றவைத்தாள்.*

* குப்புற. நானும் அப்போது கவனிக்கவில்லை.

3
தூசிமூட்டத்தில் கடலும் வானமும் கலந்துகிடந்த காலை. கிரேன் தூக்க, பகல் தூக்கத்திலிருந்து எழுபவளைப் போல அவள் எழுந்தாள். மீன்காரப் பெண்கள் நெருங்கி வந்தார்கள்.

"ஏண்டி அரபா, இவ கடலுக்கு இடது கையையா காட்டுறா?" என்றாள் சந்தைத் தலைவி எகூபா அம்மா. "போனவங்க கோவிச்சுக்கிட்டு அங்கேயே இருந்துடுவாங்க."

"வரைஞ்சது வலது கைதாம்மா. முன்பக்கமா வரைஞ்ச கோட்டு மேல குப்புறப் போட்டதுல இடம் வலமா மாறிடுச்சு."

"அப்ப குப்புறவே கிடக்கட்டும். இங்க நிறுத்த விடமாட்டோம்."

4
முடிவு அ: கையை அறுத்து மாற்றுகிறாள். (முதுகும் தூக்கிய கையும் ஒரே குழாய். அறுத்தால் மொத்தமும் சரியும்.)

முடிவு ஆ: எகூபா அம்மா மனமிரங்கி (எனக்கு அவளைத் தெரியும். மாட்டாள்.)

5
நடந்தது இது. அரபா பட்டறைக்கு ஓடி, தகட்டை வளைத்து, இங்கே பெண்கள் தலையில் மீன் சுமக்கும் பேசின் ஒன்றைச் செய்து கொண்டுவந்தாள். ஏணியில் ஏறி அதைச் சிலையின் தலையில் பற்றவைத்தாள். சும்மா தொங்கிய வலது கையை அறுத்து, பேசினைப் பிடித்தபடி திருப்பி ஒட்டினாள்.

"இப்ப வலது கை காலியா இல்லையே."

எகூபா அம்மா நெடுநேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்துத் திரும்பினாள். "பிள்ளைங்களா, இடது கைக்கு மன்னிக்கணும். அவ தலையில சுமை இருக்கு. வாங்க."

ஏணியிலேயே உட்கார்ந்து அரபா அழுதாள்.

6
பேசினுக்குள் என்ன இருக்கிறது என்று அரபாவிடம் கேட்டேன். "ஏறிப் பாரு" என்றாள். எனக்கு உயரம் என்றால் பயம்.

மீன் இருந்தால் படகு வந்துவிட்டது. பிறகு யாரை அழைக்கிறாள்? காலி என்றால் எகூபா அம்மா கடலிடம் சொன்னது பொய். எதையும் எழுத எனக்குக் கை வரவில்லை.

ஏணி இன்னும் அங்கேயே சாத்தியிருக்கிறது. நீங்கள் ஏறுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்.