பின்வாசல் ஒயரில் ஒரு தேன்சிட்டு

1

இந்தக் கதை என் அப்பாவின் மானத்தை வாங்குவதற்காகத் தொடங்கப்பட்டது. அவர் எலக்ட்ரீஷியன். எங்கள் வீட்டுப் பின்வாசலில் மட்டும் விளக்கு கிடையாது. உடைந்த ஹோல்டரை எப்போதோ கழற்றினார். ஒயர் தொங்கிக்கொண்டே இருக்கிறது.* இருட்டியபின் வேலையிலிருந்து வரும் அம்மா பூட்டைத் தடவித்தான் திறக்கிறாள். முதல் வரி தயார்:

ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்த அந்த மனிதர், தன் வீட்டுக்கு மட்டும்

[இங்கே நிறுத்தினேன். ஒயரில் தேன்சிட்டு கூடு கட்டத் தொடங்கிவிட்டது.]

* ஒயரில் மின்சாரம் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் வீட்டில் எனக்குச் சோறும் இல்லை.

2

கட்டைவிரல் அளவுப் பெண்குருவி. சிலந்தி வலையைச் சுருட்டி வந்து ஒயரில் சுற்றியது. அதன்மேல் நாரும் சருகும் ஒட்டியது. ஆண்குருவி கூடவே போய், கூடவே வந்து, துணிக்கொடியில் உட்கார்ந்து பாடியது. அவ்வளவுதான் அதன் உழைப்பு.

"பாத்தியா, இதுக்குத்தான் ஒயரை அப்படியே விட்டேன்" என்றார் அப்பா என்னிடம்.

"ஆமா, அந்தக் குருவி பொறக்கறதுக்கு முன்னாடியே உங்ககிட்ட சொல்லி வெச்சுது" என்றாள் அம்மா. "வேலையெல்லாம் அவ செய்யறா, அவரு பாட்டுப் பாடறாரு. எங்கயோ பாத்த குடும்பம் மாதிரி இருக்கு."

(அப்பா பாடமாட்டார். பாத்திரத்துக்கு நியாயம் செய்யவேண்டும் அல்லவா.)

"லைட்டு எப்போ?"

"குஞ்சு பறக்கட்டும், போட்டுடலாம்."

"அதுக்குள்ள நான் படியில தடுக்கிப் பறந்துடுவேன்."

கதாசிரியனுக்கு ஏக மகிழ்ச்சி. சோம்பேறிக்குச் சாக்கு கிடைத்தாயிற்று. கதை தானாக முடிந்துவிடும்.

3

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாத்திரம் ஏணியை எடுத்துவந்து என் கதையைக் கெடுத்தது.

கூட்டை விட்டுத் தள்ளி, வேறு சுவரில் புது ஒயர். டிரில்லிங் மெஷின் போட்டால் குருவி மிரளும் என்று சுவரிலிருந்த மரச்சட்டத்தின் ஓரமாகவே திருகாணிகளைக் கையால் முடுக்கினார். அதுவும் குருவி நார் தேடிப் போயிருக்கும்போது மட்டும். அது திரும்பினால் ஏணிமேல் சிலை. கீழே நின்று "வருது", "போயிடுச்சு" என்று சொல்வது என் பொறுப்பு. அதாவது, ஆண்குருவியின் உத்தியோகம்.

காலையில் தொடங்கிய அரைமணி நேர வேலை, பொழுது சாய்ந்தபோதுதான் முடிந்தது. கடைசியாக ஒரு பழைய டப்பா மூடியை வளைத்து பல்புக்கு மறைப்பு வைத்தார். வெளிச்சம் பூட்டின்மேல் விழுந்தது, கூட்டின்மேல் விழவில்லை.

ஞாயிறும் வேலைக்குப் போயிருந்த அம்மா இருட்டியபின் வந்தாள். பூட்டைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். போய்ப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிவந்தாள்.

"சத்தம் போடாம வாங்க. இதைப் பாருங்க."

"கூடா? இருட்டுல ஒண்ணும் தெரியலியே."

"கூடு காலையில பாக்கலாம். இந்த ஒயர் எவ்வளவு நேராப் போகுது பாருங்க. எங்க வீட்டுக்காரர் போட்டது."

உள்ளே அப்பா, கேட்காதவர்போல் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

4

ஒரு முடிவில் குஞ்சுகள் பறக்கின்றன. இன்னொன்றில் பூனை வருகி

[அடித்துவிட்டேன். வரியைத்தான்.]

கூட்டில் இப்போது முட்டை இருக்கிறது. அதற்குமேல் எனக்குத் தெரியாது. முடிவை நீங்களே வந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பின்வாசல் வழியாக, மெதுவாக வாருங்கள். வந்ததும், இந்த விளக்கை யார் போட்டது என்று கேளுங்கள்.

அப்பா சொல்லமாட்டார். நான் சொல்கிறேன்.