வேற வீட்டுக்காரி

நீர்மாலைக்குப் போன பெண்களில் பாதிப் பேர் சேற்றில் மாட்டிக்கொண்டார்கள். சங்கு ஊதுகிறவர் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறார்; பின்னால் குடத்தோடு வருகிறவர்களுக்குக் கால் எழும்ப மாட்டேன் என்கிறது. கரிசல் மண்ணின் குணம் அது. ஒரு மழை பெய்தால் போதும், உள்ளங்காலில் ஒட்டி, ஒட்டினதின் மேலேயே இன்னும் ஒட்டி, நாலு எட்டு வைப்பதற்குள் ஆளை ஒரு சாண் உயர்த்திவிடும். வள்ளித்தாய்க்குத் தலையில் குடம், கண் நிறையத் தண்ணீர். அந்த நிலையிலும் அவள் கால் கட்டைவிரல் மண்ணை அமுக்கிப் பார்த்தது. களியாக இருந்தது. இப்படியே வெயில் அடித்தால் நாலாம் நாள் விதைப்புக்குப் பதம் வந்துவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. போட்ட மறுகணம் பகீரென்றது. பெற்ற தகப்பனைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டு வருகிறவள் பார்க்கிற வேலையா இது?

ஆனால் குளிக்கப் போகிறவர் எழுந்து உட்கார முடிந்தால் முதலில் கேட்கிற கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும். ஆறுமுகச்சாமி அப்படிப்பட்ட ஆள். ஐப்பசி பிறந்தும் வானம் வெளுத்தே கிடந்ததில் வெள்ளாமை பார்க்கிற ஊர்ச் சம்சாரிகள் முகமெல்லாம் சுண்டிப் போயிருந்தது. நேற்றுச் சாயங்காலம் குருவிகுளம் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து ஊற்று ஊற்றென்று ஊற்றியது. மனுஷர் துண்டைக்கூடத் தலையில் போடாமல் வாசலில் நின்று நனைந்தார்.

"உள்ள வாங்க, காய்ச்சல் வந்துரும்" என்று அவர் பெண்டாட்டி சுந்தரம்மாள் கத்தினாள்.

"வந்தா வரட்டும். கூடவே வெள்ளாமையும் வருதுல்லா" என்றார்.

பிறகு தலை துவட்டி, சுக்குக் காப்பி குடித்து, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தார். விடிந்தபோது ஆள் இல்லை. மழையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது. கேதத்துக்கு வந்தவர்கள் அழுவதற்கு வாயைத் திறந்து, அந்த முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறித்தான் அழுதார்கள்.

வள்ளித்தாய்க்கு ஊரில் பட்டப்பெயர் 'பியெஸ்ஸி'. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கித் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கினவள். ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். உள்ளூர் வாத்தியார் துரைப்பாண்டிக்கு வாழ்க்கைப்பட்டு ஊருக்கே திரும்பி வந்த பிறகும், பஸ் ஏறிப் போய் வந்துகொண்டுதான் இருந்தாள். அய்யா ஆறுமுகச்சாமிக்கு முழங்கால் மக்கர் பண்ணிய வருஷம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு முழு நேரமும் அய்யாவின் நிலத்தில் இறங்கிவிட்டாள். லீவுக்கு வந்த பிள்ளை பொழுது போகாமல் களை பிடுங்குகிறது என்று ஊர் முதலில் நினைத்தது. லீவு முடியவே இல்லை. உழவு, உரம், மருந்தடிப்பு, பருத்தி எடுப்பு என்று எல்லாவற்றிலும் அவள் நின்றாள். நாலு வெள்ளாமை எடுத்தாகிவிட்டது. பட்டம் வாங்கினது மண்வெட்டி பிடிக்கவா என்று துரைப்பாண்டியைச் சீண்டினால், "சம்பளம் வாங்குத ஆளு வீட்டுக்கு ஒண்ணு போதும் வே. சோறு வெளைவிக்க ஒரு ஆளு வேணும்லா" என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளை மிதித்துவிடுவான்.

அவளுக்குக் கிடைக்காத வேலை ஒன்றே ஒன்று இருந்தது. தலைக்கை. விதைப்புத் தொடங்கும்போது முதல் பிடி விதையை அந்த வீட்டு ஆள்தான் போட வேண்டும். அதற்குத்தான் இந்த ஊரில் தலைக்கை என்று பெயர். அந்த ஒரு பிடி விழுந்த பிறகு கூலிக்கு வந்தவர்கள் போடலாம், யாரும் போடலாம். முதல் வருஷம் அவள் விதைப்பெட்டியில் கையை விடப் போனபோது, பக்கத்துப் புஞ்சையிலிருந்து சின்னையா இசக்கிப்பாண்டி பாய்ந்து வந்தார். அய்யாவுக்கு ஒரே தம்பி. முறை, வழக்கம், சாங்கியம் என்றால் ஊரே அவரிடம்தான் கேட்கும். கேட்காவிட்டாலும் அவராகச் சொல்லுவார்.

"ஏட்டி, வெதயத் தொடாத. நீ வேற வீட்டுக்காரி. கெட்டிக் குடுத்த பிள்ள தலைக்கை போட்டா வெள்ளாமை அந்த வீட்டுக்குப் போயிரும்."

அந்த வேற வீடு ரெண்டு தெரு தள்ளி இருந்தது. அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே தும்மல் வரும். ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே. தம்பியோடு சண்டை போடச் சோம்பல்பட்ட ஆறுமுகச்சாமி, வருஷா வருஷம் வலிக்கிற காலோடு வரப்பில் நொண்டி வந்து ஒரு பிடி போட்டுவிட்டு, மகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். அவளுக்குச் சிரிப்பும் வரும், நெஞ்சும் எரியும்.

அன்று மத்தியானம் ஆறுமுகச்சாமி புறப்பட்டார். பெண்கள் தெருமுக்கோடு நின்றுகொண்டார்கள். மதுரையில் பேங்கில் வேலை பார்க்கும் மகன் சங்கரபாண்டி மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தான். அண்ணன் தகப்பன் ஸ்தானம் என்பதால் இசக்கிப்பாண்டியும் மீசையை எடுத்துக்கொண்டார். நாற்பது வருஷ மீசை. வீட்டுக்குத் திரும்பியபோது அவரைப் பார்த்து அவர் வீட்டு நாயே ஒரு தரம் குரைத்துவிட்டுத்தான் வாலை ஆட்டியது.

சாயங்காலம் பந்தலில் பெஞ்சு போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வள்ளித்தாய் வாசல்நிலை ஓரம் அம்மாவோடு இருந்தாள். சங்கரபாண்டி மெதுவாகப் பேச்சை எடுத்தான். கெட்டவன் இல்லை அவன். தங்கச்சி வெயிலில் காய்வது உண்மையிலேயே அவனுக்குப் பொறுக்கவில்லை.

"சின்னையா, நிலத்தைச் சும்மா போட முடியாது. சிவகிரிக்காரர் ஒருத்தர் குத்தகைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரு. குடுத்திரலாம்னு பாக்கேன். வள்ளி அய்யாவுக்கு ஒத்தாசையாத்தான இருந்தா. இனி அவ எதுக்குக் கஷ்டப்படணும்? திரும்ப டீச்சர் வேலைக்குப் போகட்டும்."

காலையிலிருந்து வள்ளித்தாய் அழுத அழுகை வேறு, இது வேறு. அய்யா போய்விட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. எழுந்து பந்தலுக்கு வந்தாள்.

"ண்ணே, ஒத்தாசையா நான் பாக்கல. எனக்கு இதுதான் வேலை. ரெண்டு உழவு உழுது போட்டிருக்கேன். மழையும் பெஞ்சிருக்கு. குத்தகைக்கு விடுததுன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

சங்கரபாண்டி பதில் சொல்வதற்குள் இசக்கிப்பாண்டி குறுக்கே விழுந்தார்.

"நீ எதுக்குட்டி ஊடால பேசுத? மொதல்ல இப்ப வெதப்பே கெடையாது. பங்காளி வீடு அம்புட்டுக்கும் பதினாறு வரைக்கும் தீட்டு. தீட்டுக்காரன் தலைக்கை போட்டா மண்ணு பொறுக்காது. என் புஞ்சையுந்தான் உழுது கெடக்கு. ஈரம் போனாப் போகட்டும்னு நான் வாயத் தெறக்காம இருக்கம்லா? முறைன்னா முறைதான். உனக்கென்ன, நீ வேற வீட்டுக்காரி. மூணு நாள்ல தலைக்கு ஊத்திட்டுப் போறவ. அதோட உனக்குத் தீட்டும் கெடையாது, ஒண்ணும் கெடை..."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. பந்தலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சம்சாரிகள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

வாசல்நிலை ஓரத்தில் க்ளுக்கென்று ஒரு சத்தம். சுந்தரம்மாள் சிரித்தாள். தாலி இறங்காத கழுத்தோடு, அழுது வீங்கின முகத்தோடு, சேலை முந்தியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன தம்பி பாதியில நிறுத்திட்டிய? மீதியையும் சொல்லுங்க" என்றாள். அப்புறம் மகள் பக்கம் திரும்பி, "பதம் என்னைக்குட்டி வரும்?" என்று கேட்டாள்.

"நாலாம் நாள்ம்மா."

"அப்ப மூணாம் நாள் தலைக்கு ஊத்திட்டு மறுநாக் காலையில போய் வெதச்சிரு."

"மதினி, தலைக்கை வீட்டு ஆளுல்லா போடணும்" என்றார் இசக்கிப்பாண்டி. குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"வீட்டு ஆளாவும் இருக்கணும், தீட்டும் இருக்கக் கூடாது. அப்படி இங்கன யாரு இருக்கா? நீங்களே சொல்லுங்க."

இசக்கிப்பாண்டியின் கை மீசையை முறுக்கப் போய், வெறும் உதட்டைத் தடவிவிட்டு இறங்கியது. சங்கரபாண்டி இன்னும் குத்தகையை விடவில்லை.

"அப்ப சிவகிரிக்காரர்ட்ட என்ன சொல்ல?"

"வெதைக்க இவ, வெள்ளாமை எடுக்க அவனா? போலே" என்றாள் அம்மா.

பந்தலில் பெரிசாகவே சிரிப்புக் கிளம்பிவிட்டது. கேத வீட்டில் சிரிக்கிறோமே என்று சிலர் இருமுகிற மாதிரி நடித்தார்கள். ஆறுமுகச்சாமி இருந்திருந்தால் எல்லாரையும்விட அவர்தான் சத்தமாகச் சிரித்திருப்பார் என்று யாரோ சொன்னார்கள். சுந்தரம்மாள் சிரிப்பு அதைக் கேட்டதும் அப்படியே அழுகையாகிவிட்டது. வள்ளித்தாய் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். சங்கரபாண்டி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "சரி, இந்த ஒரு வெள்ளாமை பாக்கட்டும். நிலத்தை என்ன செய்யன்னு பொங்கலுக்குப் பேசிக்கிடலாம்" என்றான். நிலம் அவளுக்குப் பாதிதான் திரும்பி வந்தது.

மறுநாள் ஊரில் ஒரு வேடிக்கை நடந்தது. பங்காளி வீடுகளில் எல்லாம் உழுத புஞ்சை ஈரத்தோடு கிடந்ததா, வீட்டுக்கு வீடு கட்டிக் கொடுத்த மகளுக்கு ஆள் போயிற்று. சங்கரன்கோவில் பஸ் ஒவ்வொரு தடவை வந்து நிற்கும்போதும் ரெண்டு மகள்கள் இறங்கினார்கள். தீபாவளிக்குக்கூடக் கூப்பிடாத அப்பன், பஸ் நிறுத்தத்தில் வந்து நின்று பையை வாங்கிக்கொண்டான். பனவடலிசத்திரத்தில் வாழ்க்கைப்பட்டவள் ஒருத்தி, முதலில் எனக்கு என்ன சேலை என்று கேட்டுவிட்டுத்தான் படியிலிருந்து காலை இறக்கினாளாம்.

இசக்கிப்பாண்டிக்கு நாலும் ஆண் பிள்ளைகள். நாலும் சிங்கம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர். சிங்கங்கள் நாலுக்கும் தீட்டு; வந்த மருமகள்களுக்கும் தீட்டு. மூன்றாம் நாள், வள்ளித்தாய் தலைக்கு ஊற்றிவிட்டுத் தன் வீட்டுக் கொல்லையில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தபோது வேலிப்பக்கம் ஒரு செருமல் கேட்டது.

"மக்கா."

"வாங்க சின்னையா. முன்வாசல் தொறந்துதான இருக்கு?"

"இல்ல, இப்படியே போய்க்கிட்டிருந்தேன். வெயிலு நல்லா அடிக்கி."

"ஆமா சின்னையா."

"நாளைக்கு வெதப்பு வச்சிருக்க."

"ஆமா."

"உங்க புஞ்சைக்கும் எம்புஞ்சைக்கும் ஊடால ஒரு வரப்புதான. காலத் தூக்கி வச்சா வந்துரும்."

அவரைக் கொஞ்சம் தொங்கவிட்டுப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. நாலு வருஷ எரிச்சல் சும்மாவா? ஆனால் மீசை போன அந்த மேலுதடு அவளை என்னவோ செய்தது. இத்தனை காலமும் மீசைக்குள் ஒளிந்து கிடந்த உதடு. அச்சு அசல் அய்யாவின் உதடு.

"நான் வேற வீட்டுக்காரில்லா சின்னையா?" என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அதனாலதாம்ட்டி கேக்கேன்" என்றார் அவர், வேலியைப் பார்த்துக்கொண்டு.

நாலாம் நாள் காலை மண் அவள் கணக்குப்படி இருந்தது. கையில் எடுத்துப் பிடித்தால் பிடிபட்டது, விட்டால் உதிர்ந்தது. பங்காளிகள் வண்டிப்பாதையில் வரிசையாக நின்றார்கள். புஞ்சைக்குள் கால் வைக்கக் கூடாது, வீட்டில் இருக்கவும் முடியவில்லை. மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சங்கரபாண்டியும் நின்றான். துரைப்பாண்டி பள்ளிக்கூடத்துக்குப் பெர்மிஷன் சொல்லிவிட்டு வந்திருந்தான். கூலிக்கு ஏர் பூட்டி நின்ற பேச்சிமுத்து மாட்டைத் தட்டிக்கொடுத்தார். வள்ளித்தாய் சேலையை வரிந்து கட்டி, உளுந்துப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். கிழக்கே பார்த்துக் கும்பிட்டு ஒரு பிடி அள்ளினாள்.

"யாரு வெதப்பு?" என்று கேட்டார் பேச்சிமுத்து.

ஏர் பிடிக்கிறவர் அப்படிக் கேட்டே ஆக வேண்டும். தலைக்கை போடுகிறவர் ஒரு பேர் சொல்ல வேண்டும். எந்தப் பேர் சொல்லப்படுகிறதோ, அந்தப் புஞ்சைக்கு அவர்தான் சம்சாரி. போன வருஷம் வரை அய்யா தன் பேரைத் தானே உரக்கச் சொல்லிக்கொண்டார். வள்ளித்தாய் இதை யோசிக்கவே இல்லை. விதையை யோசித்தாள், ஈரத்தை யோசித்தாள், இதை யோசிக்கவில்லை. அய்யா பேர் தொண்டை வரை வந்தது. செத்தவர் பேரில் விதைக்க முடியாது. அண்ணன் பேரைச் சொன்னால் பொங்கலுக்குப் பேச ஒன்றும் மிச்சமிருக்காது. புருஷன் பேருக்கும் இந்த மண்ணுக்கும் சம்பந்தமில்லை. விதையை மூடின கை மூடினபடி நின்றது.

"தாயி, யாரு வெதப்பு?" என்றார் பேச்சிமுத்து மறுபடியும்.

சங்கரபாண்டி குனிந்து தன் காலைப் பார்த்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வெயிலைத் தாங்க முடியாத ஒரே ஆள் அங்கே இசக்கிப்பாண்டிதான். இங்கே முடிந்தால்தானே அவள் வரப்பைத் தாண்டி அவர் புஞ்சைக்கு வர முடியும்?

"ஏலே பேச்சி, என்ன கேட்டுக்கிட்டே நிக்க?" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடுகள் காதை விடைத்தன. "வள்ளித்தாய் வெதப்புன்னு ஓட்டுலே. நிக்க நிக்க ஈரம் போகுது."

பேச்சிமுத்து சங்கரபாண்டியைப் பார்த்தார். சங்கரபாண்டி நிமிர்ந்து, தலைத்துண்டைச் சரி பண்ணிக்கொண்டு, "ஓட்டும்" என்றான்.

"வள்ளித்தாய் வெதப்பு" என்று உரக்கச் சொல்லி பேச்சிமுத்து ஏரை அமுக்கினார். மாடு நகர்ந்தது. அவள் கை தானாக விரிந்தது. உளுந்து விழுந்த இடம் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் அடுத்த பிடி. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை. அப்படியே நடந்தாள்.

"வீசிப் போடுட்டி" என்று பாதையிலிருந்து சின்னையா கத்திக்கொண்டே இருந்தார். "குமிச்சுப் போடாத, வீசிப் போடு."