இருபத்தொன்பது நிமிடம் ஐம்பத்தொன்பது நொடி

வெர்லின் ஹாக்செத்தின் கேமரா ஒரே மூச்சில் இருபத்தொன்பது நிமிடம் ஐம்பத்தொன்பது நொடி படம் பிடிக்கும். அதற்கு மேல் ஒரு நொடி பிடிக்காது. தேவதூதர்களே கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கினாலும் பிடிக்காது. சிவப்பு விளக்கு பட்டென்று அணையும், அவ்வளவுதான். பொத்தானை மறுபடி அமுக்கினால் ஒன்றும் நடக்காதது போல அடுத்த இருபத்தொன்பது நிமிடத்துக்குக் கிளம்பிவிடும்.

ஏன் இப்படி என்று யாராவது கேட்டால் போதும், வெர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அரை மணி நேரம் படம் பிடித்தால் அது வீடியோ கேமரா ஆகிவிடுமாம். ஐரோப்பாவில் அதற்குத் தனி வரியாம். அந்த வரிக்குப் பயந்து, கேமரா செய்தவர்கள் ஒரு நொடியைக் குறைத்துவிட்டார்களாம். "எங்கயோ கடல் தாண்டி ஒருத்தன் வரி போடுறான், இங்க மினசோட்டாவுல என் விரல் தேயுது" என்று முடிப்பார். ஊரில் இதைக் கேட்காதவர்கள் கல்லறைத் தோட்டத்தில்கூட இல்லை. அவர்களும் உயிரோடு இருக்கையில் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

ஞாயிறுதோறும் லூத்தரன் சர்ச்சின் மேல்மாடத்தில், ஆர்கனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை நாற்காலி வெர்லினுடையது. ஆராதனையைப் படம் பிடித்து, திங்கட்கிழமை முதியோர் இல்லத்தின் பெரிய டி.வி.யில் போட்டுக் காட்டுவார். பதினேழு பேர் சக்கர நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும் "நன்றி வெர்லின்" என்று பதினேழு தடவை கேட்கும். முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர் அவர். அத்தனை வருஷத்தில் நன்றி என்ற சொல்லைக் கேட்டது நாலு தடவை. ஆகவே இந்தப் பதினேழை வைத்துத்தான் அவர் வாரத்தை ஓட்டினார்.

பிரசங்கம் தொடங்கும்போது கேமராவைப் புதிதாக ஓடவிடுவார். மாடத்தின் கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெரியவேண்டும் என்பதற்காக கேமரா நிற்கும் முக்காலியை உச்சத்துக்கு உயர்த்தியிருப்பார். பொத்தானை எட்டவேண்டுமென்றால் எழுந்துதான் ஆகவேண்டும். ஆறடி ஐந்து அங்குல மனிதர். விளக்கு அணைந்ததும் அவர் எழும்போது, வயல் நடுவே தானியக் கிடங்கு ஒன்று திடீரென்று முளைத்த மாதிரி இருக்கும். பிரசங்கமும் எப்படியோ அந்த நேரத்துக்கே முடிந்துவிடும். பாஸ்டர் மைக்கா சபைக்கு வந்த இந்த நாலு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. கீழ்த்தளச் சமையலறையில் வெர்லினின் மனைவி லவோன், கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கிய ஹாட்டிஷ் தட்டுகள் ஆறை ஓவனில் வைத்துவிட்டு வந்து உட்காருவார். ஆமென் சொல்லி, பாட்டுப் பாடி, இறங்கிப் போனால் மேலே பொன்னிறமாக முறுகியிருக்கும். அதைத் தின்றுவிட்டு ஃபுட்பால் ஆட்டத்துக்கு வீடு போய்ச் சேரலாம். இதைவிட ஒழுங்காக சூரிய சந்திரர்கூட நடந்துகொண்டதில்லை.

இப்படி இருக்கையில்தான், ஏப்ரலில், லோவல் பிரெக்கி அரிசோனாவிலிருந்து திரும்பினார்.

லோவல் அறுவடை இயந்திரம் விற்று ஓய்வு பெற்றவர். பனிக்காலம் முழுக்க வெயிலில் கிடந்து, நன்றாக வறுத்த ரொட்டி நிறத்தில் வந்து நின்றார். கழுத்தில் புதுக் கேமரா. ஆராதனை முடிந்து எல்லாரும் காபிக் குவளையோடு நின்ற நேரத்தில் அதைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது எவ்ளோ நேரம் ஓடும், லோவல்?" என்று யாரோ கேட்டார்கள். கேட்டவர் முகத்தைப் பார்க்கவே வெர்லினுக்குப் பிடிக்கவில்லை.

"எவ்ளோ நேரம்னா? நிறுத்துற வரைக்கும்" என்றார் லோவல். "இப்ப வர்றதுல அந்தக் கணக்கெல்லாம் கிடையாதுப்பா. ஓடும்னா ஓடும்."

"சூடாயிடும்" என்றார் வெர்லின்.

"ஆகாது."

"பேட்டரி தீந்துடும்."

"சுவத்துல சொருகிடலாம்."

லவோன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அடேயப்பா, எவ்ளோ லேசா இருக்கு! வெர்லின், நீயும் தூக்கிப் பாரேன். உன்னோடது செங்கல் மாதிரில்ல இருக்கும்!"

நாற்பத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் லவோன் வேறொருவர் பொருளை அப்படித் தடவிப் பார்த்ததை வெர்லின் கண்டதில்லை. வாயில் இருந்த எலுமிச்சைக் கேக் மண்ணாகப் போனது.

இந்த ஊரில் யாரையும் யாரும் வேலையை விட்டுப் போ என்று சொல்லமாட்டார்கள். முகத்துக்கு நேரே சொன்னால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு நின்றுவிடும். சபைக் கமிட்டி வெர்லினைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, சோளம் விதைக்கும் காலம், மழை, முழங்கால் வலி எல்லாவற்றையும் பேசிவிட்டு, "நீ கொஞ்சம் ஓய்வெடுக்கலாமேன்னு எங்களுக்கு ஒரு இது" என்றது. வெர்லினும் இந்த ஊர்க்காரர்தானே. "அதுக்கென்ன, நல்லதாப் போச்சு" என்று சொல்லி எழுந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் காரை நிறுத்திவிட்டு, ஆளில்லாத உழவு நிலத்தைப் பார்த்து ஒரு கத்து கத்தினார். மூன்று மாவட்டத்து மான்கள் இடம்பெயர்ந்தன என்று பின்னால் பேச்சு.

அடுத்த ஞாயிறு வெர்லின் கீழே, லவோன் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் மட்டும் மேலே. லோவல் அவருடைய நாற்காலியில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. 'ஆண்டவரே, ஒரு சின்னப் புகை. அதிகம் வேண்டாம், ஒரே ஒரு இழை' என்று வெர்லின் மனமுருகி ஜெபித்தார். இவ்வளவு உருக்கமாக அவர் தன் இருதய ஆபரேஷனுக்குக்கூட ஜெபித்ததில்லை.

புகை வரவில்லை. கேமரா ஓடியது. பிரசங்கமும் ஓடியது. முப்பது நிமிடம் ஆனது, நாற்பது ஆனது. பாஸ்டர் மைக்கா யோனாவை மீன் வயிற்றில் இறக்கிவிட்டு, வெளியே எடுக்க மறந்துபோனார். ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் ஆமென் வந்தபோது, தவழ்ந்துகொண்டிருந்த குழந்தைகள் நடக்கத் தொடங்கியிருந்தன. கீழ்த்தளத்திலிருந்து கருகல் வாடை படியேறி வந்தது.

லவோன் கரித் தட்டுகளைப் பார்த்துக் கண்கலங்கினார். வெர்லின் அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். அவருக்கு உள்ளுக்குள்ளே தவில் முழங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சி ஒரு நாளுக்குக்கூடத் தாங்கவில்லை. திங்கட்கிழமை முதியோர் இல்லத்துக் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார். பெரிய டி.வி.யில் படம் நடுவில் துண்டு படாமல் ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பதினேழு பேரில் பதினாலு பேர் தூங்கிவிட்டார்கள். விழித்திருந்த மூன்று பேர் "நன்றி லோவல்" என்றார்கள். அந்த மூன்றும் வெர்லின் நெஞ்சில் மூன்று ஆணியாக இறங்கின.

அடுத்த ஞாயிறு எழுபது நிமிடம். அதற்கடுத்தது எழுபத்தாறு. ஃபுட்பால் சீசன் தொடங்கும் முன்பே இதற்கொரு வழி பண்ணவேண்டும் என்று ஆண்கள் நடுங்கினார்கள். லவோன் தட்டுகளைத் தாமதமாக வைத்துப் பார்த்தார், சூட்டைக் குறைத்துப் பார்த்தார். ஒரு வாரம் கரி, மறுவாரம் பச்சை.

ஒரு சாயங்காலம் லோவலே வெர்லின் வீட்டுப் படியேறினார். கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவை வெர்லின் கையில் கொடுத்தார்.

"வெர்லின், உன் கேமரா இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஏன்?" வெர்லினின் இதயம் எகிறிக் குதித்தது.

"கமிட்டியில பேசிக்கிட்டோம். உன்னோடது அரை மணியில நின்னுடுதில்ல, அதைப் பாத்துத்தான் பாஸ்டர் முடிக்கிறாரு போல. அதனால திரும்ப அதையே வெச்சுக்கலாம்னு."

"ஓ. அதுக்கென்ன. ஞாயித்துக்கிழமை நானே சீக்கிரம் வந்து..."

"இல்லல்ல, நீ சிரமப்படாத. நான் பாத்துக்கறேன். கேமராவை மட்டும் குடு."

பிஸ்கட் டப்பா வெர்லின் கையிலேயே நசுங்கியது. லோவல்மேல் பொறாமை, லோவலின் கேமராமேல் பொறாமை என்று இதுவரை பட்டது போக, இப்போது தன் சொந்தக் கேமராமேலேயே பொறாமை வந்தது. அந்தச் செங்கல்லுக்கு அழைப்பு, அவருக்கு இல்லை! அதைப் பையில் போட்டுக் கொடுக்கும்போது, "போடா, போ. பெரிய மனுஷன் ஆயிட்டே" என்று முணுமுணுத்தார்.

"என்ன சொன்ன?" என்றார் லோவல்.

"பத்திரம்னு சொன்னேன்."

ஞாயிறு வந்தது. இருபத்தொன்பது நிமிடம் ஐம்பத்தொன்பது நொடியில் கேமரா சொன்னபடி நின்றது. லோவல் நாற்காலியை விட்டு அசையவில்லை. கைபேசியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார், மறுபடி ஓடியது. எழுந்திருக்காமலே இதைச் செய்யலாம் என்று வெர்லினுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. அந்த வயிற்றெரிச்சல் தனி. பிரசங்கமோ அசையவில்லை. எண்பத்திரண்டு நிமிடம்.

அன்றைக்கு லவோன் இந்த ஊரில் யாரும் செய்யாததைச் செய்தார். கருகிய தட்டை அடுப்புத் துணியோடு பிடித்துக்கொண்டு பாஸ்டர் முன்னால் நின்று, நேரடியாகக் கேட்டார். சமையலறையில் இருந்த எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பாஸ்டர், முன்னெல்லாம் டாண்ணு அரை மணியில முடிப்பீங்களே. இப்ப என்ன ஆச்சு? அதே கேமராவைத்தான் திரும்ப வெச்சாச்சே?"

"கேமராவா?" பாஸ்டர் மைக்காவுக்கு முப்பத்தோரு வயது, காற்றடித்தால் மன்னிப்புக் கேட்கிற சுபாவம். "பிரசங்க மேடையிலேருந்து எனக்குக் கேமரா எங்க தெரியுது? பின்னாடி ஜன்னல் வெளிச்சம் கண்ணுல அடிக்கும். ஒண்ணும் தெரியாது. வெர்லின் எந்திரிக்கிறது மட்டும் தெரியும்."

"நானா?" என்றார் வெர்லின்.

"ஆமா. வாராவாரம் நீங்க எந்திரிச்சு நிப்பீங்க. சரி, இவருக்குப் பொறுமை போச்சு, வீட்டுக்குக் கிளம்பிட்டாருன்னு நெனச்சு அவசரமா முடிச்சுடுவேன்." காதுவரை சிவந்தார். "இந்த ஒரு மாசமா யாரும் எந்திரிக்கல. எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சுன்னு நெனச்சேன். நான்தான்... எவ்ளோ சந்தோஷமா இருந்தேன் தெரியுமா?"

லவோன் கரித் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "நல்லாத்தான் இருந்துது பாஸ்டர்" என்றார். "அந்த மீன் ரொம்ப நல்லா இருந்துது."

வெர்லினுக்குப் பாவமாக இருந்தது, உண்மையாகவே இருந்தது. ஆனால் அந்தப் பாவத்துக்கு அடியில் வேறொன்று பொங்கிப் பொங்கி வந்தது. கேமரா இல்லை! வரி போட்ட ஐரோப்பாக்காரன் இல்லை! நாலு வருஷமாக இந்தச் சபையின் ஹாட்டிஷையும் ஃபுட்பாலையும் காப்பாற்றியது தானே, தன் ஆறடி ஐந்து அங்குலமே!

கமிட்டி அன்றே கூடி ஒரு சமரசம் செய்தது. லோவல் தன் புதுக் கேமராவால் படம் பிடிப்பார். வெர்லின் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, நேரம் வந்ததும் எழுந்து நிற்பார். அவ்வளவுதான் வேலை.

"நீ நில்லு, நான் எடுக்கறேன். ரெண்டு பேருக்கும் பொருத்தம்தானே?" என்றார் லோவல்.

"பின்ன?" என்றார் வெர்லின், வெண்ணெய் உருகுகிற குரலில்.

ஞாயிறு. மேல்மாடத்தில் இருவரும் முழங்கால் இடிபட உட்கார்ந்திருந்தார்கள். முப்பது நிமிடம் ஆனது. வெர்லின் சுவரில் இருந்த மெழுகுவர்த்தித் தாங்கியை ரசித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து. கீழே தலைகள் ஒவ்வொன்றாக மேலே திரும்பின. லவோனின் முகம் ஓவன் மாதிரியே சிவந்திருந்தது.

"யோவ், எந்திரி" என்று லோவல் கிசுகிசுத்தார்.

"முழங்கால் பிடிச்சுக்கிச்சு."

"வெளையாடாதய்யா. தட்டு கருகுது."

"இந்த மடக்கு நாற்காலில உக்காந்தா அப்படித்தான். நல்ல நாற்காலியா இருந்தா டக்குனு எந்திரிச்சிருப்பேன்."

லோவல் அவரைப் பார்த்தார். தன் நாற்காலியைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. பாஸ்டர் மைக்கா இப்போதுதான் பிரளயத்துக்குத் தப்பும் பேழைக்குள் மிருகங்களை ஜோடி ஜோடியாக ஏற்றத் தொடங்கியிருந்தார், அதுவும் பெயர் சொல்லி.

"இதுக்காகத்தானா இவ்ளோவும்?"

"எதுக்காக?" என்றார் வெர்லின்.

"சரி, தொலை. வந்து உக்காரு."

வெர்லின் எழுந்தார். அங்குலம் அங்குலமாக, சபை முழுவதும் பார்க்கும்படி, இடுப்பு நிமிர்ந்து, தோள் விரிந்து, தலை கூரை விட்டத்தைத் தொடும் அளவுக்கு எழுந்தார். பிரசங்க மேடையில் ஒட்டகங்கள் பாதியில் நின்றன. "ஆமென்" என்றார் பாஸ்டர். சபையே "ஆமென்" என்றது. அப்படியொரு ஆமென்னை அந்தக் கட்டடம் கேட்டதே இல்லை. லவோன் படிகளில் இறங்கி ஓடும் சத்தம் கேட்டது.

வெர்லின் நாற்காலியில் அமர்ந்தார். அது சூடாக, வசதியாக இருந்தது. புதுக் கேமராவின் திரையில், ஆராதனை தொடங்கியதிலிருந்து நிற்காமல், எண் ஓடிக்கொண்டிருந்தது: ஒரு மணி, இரண்டு நிமிடம். மூன்று நிமிடம். அவர் வாழ்நாளில் பார்த்திராத எண்கள். பாட்டு முடிந்தது, காணிக்கை முடிந்தது, ஆசீர்வாதம் முடிந்தது; சிவப்பு விளக்கு அணையவே இல்லை. கீழே காலி பெஞ்சுகள் மட்டும் இருந்தன.

"நிறுத்திடலாம், எல்லாரும் போயாச்சு" என்று லோவல் கையை நீட்டினார்.

வெர்லின் அந்தக் கையை மெதுவாக, ஈயை ஓட்டுவது போல ஒதுக்கினார். "இரு. நல்லா ஓடிட்டிருக்கு."

லோவல் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அது கிறீச்சிட்டது. எழுந்து நின்று பார்த்தார்.

"அடுத்த வாரம் நான் உக்காரலாமில்ல?" என்றார்.

"பாக்கலாம்" என்றார் வெர்லின். அந்த ஊரில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. அது லோவலுக்கும் தெரியும்.